காற்றடிக்கும் நாளில் எடையா, வேகமா? ஒரு ஃபைபர் படகோடு பல வருடங்கள்

2013-ல் எடுத்த ஃபைபர் படகைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். 29 அடி, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், நாகப்பட்டினம் பக்கம், போன நாளே கரை திரும்புகிற மீன்பிடித் தொழில். புதுப் படகு எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: காற்றடித்தால் கனமான படகு தாங்குமா, வேகமான படகு தப்பிக்குமா?

அப்பா கட்டுமரம் ஓட்டியவர். அதில் ஏறிய தண்ணீர் கட்டைகளுக்கு நடுவே இறங்கிவிடும். ஃபைபரில் வந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும், படகு சாய்கிற பக்கமாகவே ஓடி இன்னும் சாய்க்கும். நடுவில் அசையாமல் கட்டிவைத்த நூறு கிலோ வலை படகை நிதானப்படுத்தும். அதே நூறு கிலோ தண்ணீராக இருந்தால் கவிழ்க்கப் பார்க்கும். எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எங்கே இருக்கிறது, நகர்கிறதா என்று பாருங்கள்.

முதல் வருடம் வலையைக் குறைத்துக்கொண்டு போய், வாடைக்காற்றில் மாட்டினேன். லேசான படகு, அலைக்கு அலை அணியம் (படகின் முன்முனை) எகிறி விழுந்தது, எகிறிய நேரத்தில் காற்று அதைப் பிடித்துத் திருப்பியது. மறுநாளே ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்தி, மீன் இல்லாத நாளில் இரண்டு மணல் மூட்டை போட ஆரம்பித்தேன். ஆனால் அதிக பாரமும் ஆபத்துதான். ஒருமுறை மத்தி நிறைய விழுந்து, பக்கவாட்டுச் சுவர் தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் மிச்சம். இரண்டு அலை உள்ளே வந்ததும் பாதி மீனை அள்ளிக் கடலில் கொட்டினோம். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொட்டினோம்.

வேகத்துக்கு வருவோம். எதிர் அலையில் படகு சொன்னபடி திரும்புகிற அளவுக்கு மட்டும் இன்ஜினைக் குறைத்து, அலையைச் சற்றுச் சாய்வாக ஏற வேண்டும். இன்ஜினை ஒரேயடியாகக் குறைத்தால் படகு அலைக்குப் பக்கத்தைக் காட்டி நின்றுவிடும். எனக்கு அதிக பயம் கொடுப்பது பின்னால் வரும் அலைதான், அதுவும் முகத்துவாரத்தில். அலையின் வேகத்துக்கே நாமும் ஓடினால் அது நம்மைச் சறுக்கவிட்டு, அணியத்தை நீரில் குத்தி, பின்பக்கத்தைச் சுழற்றிப் புரட்டிவிடும். ஓர் அலை முன்னே போக விட்டு, அதன் முதுகிலேயே மெதுவாக உள்ளே வர வேண்டும்.

புயலை ஓடித் தோற்கடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: நல்ல கடலில் ஓடுகிற வேகத்தில் பாதிகூட அந்தக் கடலில் கிடைக்காது. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயலாகிவிட்டது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் நம்முடையதைவிட எவ்வளவோ கனமானவை, அவையும் கவிழ்ந்தன. எச்சரிக்கை வந்தால் கிளம்பவே வேண்டாம், நடுக்கடலில் இருந்தால் முதல் அறிகுறியிலேயே திரும்பிவிடுங்கள்.

இந்தப் படகில் எனக்குப் பெரிய குறை மிதவை அறைகள்தான், அதாவது படகு மூழ்காமலிருக்க ஃபோம் அடைத்து மூடிய அறைகள். ஆறாம் வருடம் படகு இழுக்கவே கனமாகி, வேகமும் குறைந்தது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து உள்ளே அடைத்த ஃபோம் ஊறியிருந்தது. எடையும் கூடி மிதக்கும் சக்தியும் போயிருக்கிறது, நான் அதுகூடத் தெரியாமல் கடலுக்குப் போய் வந்திருக்கிறேன். இப்போது வருடம் ஒருமுறை தட்டிப் பார்த்து, சந்தேகமிருந்தால் திறந்துவிடுகிறேன். அடுத்த படகுக்குப் பக்கச் சுவரை அரை அடி உயர்த்தச் சொல்லப் போகிறேன், இன்ஜின் இதே 9.9 போதும்.