ஒரு பிளஸ் குறியும் இரண்டு இரவும்

ஊருக்குப் போய்வந்து ஒரு கிழமை. இரணைமடுக் குளத்தையும் மாமி வைத்த விரால் குழம்பையும் எழுதத்தான் இருந்தேன், ஆனால் கைக்கு வருவது அந்தச் சிறுநீர் றிப்போட்தான்.

சனி விடியப்புறம் விலாவில் குத்து, படுக்கவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. ஓட்டோவில் கிளிநொச்சிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் ஊசி, ஸ்கான், 4 மில்லிமீற்றர் சிறுநீரகக் கல், தானாக இறங்கும் என்றார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. சிறுநீரை மட்டும் வெளியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பார்த்துவரச் சொன்னார்கள்.

வெளியில் காசை வாங்கிக்கொண்டு தாளை நீட்டிய பிள்ளையிடம், 'புரதம்' என்பதற்கு நேரே கிடந்த பிளஸ் குறியைக் காட்டி "தங்கச்சி, இது என்ன?" என்றேன். "டொக்டரிட்டைக் கேளுங்கோ அண்ணை." அவ்வளவுதான். கிளினிக் திங்கள்தான். கனடாவில் என்றால் நடு இரவிலும் ஒரு தாதியிடம் போனில் கேட்டிருப்பேன். வவுனியாப் பக்கம் எத்தனை கமக்காரக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் தின்றது! வன்னியில் சிறுநீரில் 'புரதம் போகுது' என்றால் அந்த நோயோ என்று சனத்துக்கு உயிர் நடுங்கும். தாளில் ஒரு வரி விளக்கம் அடித்தால் என்ன குறைந்துவிடும்? மாமி அன்றிரவே பருப்பையும் மீனையும் நிறுத்திவிட்டா, இரண்டு இரவும் நித்திரை கொள்ளவில்லை.

திங்கள் வாசல் நிறையச் சனம். இருந்தும் அந்த இளம் டொக்டர் துண்டின் பின்பக்கம் படம் கீறி விளங்கப்படுத்தினார். கல் உரசி இரத்தம் கலந்தாலும் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கிற பட்டியில் புரதம் காட்டுமாம். நல்ல சிறுநீரிலும் நாளுக்கு 150 மில்லிகிராமுக்குள் புரதம் போகும். அதில் கூடுதலானது சிறுநீரகமே சுரக்கிற யூரோமொடுலின், 1950 இல் டாம், ஹோர்ஸ்ஃபோல் என்ற இருவர் பிரித்தெடுத்தது. பட்டி பெரும்பாலும் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தைத்தான் பிடிக்கும், இதை அல்ல. கல்லாகிற கல்சியம் ஒக்சலேட் பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்ப்பது யூரோமொடுலின்தான். ஒஸ்டியோபொன்டின் என்று இன்னொரு புரதம் பளிங்கின் மேல் படிந்து அதை வளர விடாது. ஆனால் தண்ணீர் குறைந்து சிறுநீர் தடித்தால் யூரோமொடுலின் தானே திரண்டு, தடுக்க வேண்டியது சேர்த்துவைக்கத் தொடங்கிவிடும். கல்லுக்குள்ளும் நிறையில் 2, 3 வீதம் பசை மாதிரிப் புரதம் கிடக்குமாம்.

"வெயிலுக்குள்ள திரிஞ்சனீங்கள், தண்ணி குடிச்சனீங்களோ?" என்றார். கனடாவில், ஸ்காபரோவில் குடிக்கிற அளவுதான் குடித்திருந்தேன். நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகிற மாதிரிக் குடிக்கச் சொன்னார். அங்கே என் குடும்ப வைத்தியர் இத்தனை வருடத்தில் ஒரு கோடு கீறிக் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கல் போனது. திரும்பப் பார்த்தபோது பிளஸ் இல்லை. மாமிக்குப் போன் எடுத்துச் சொன்னேன், வீட்டுக்கு வர பருப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.