பள்ளி இதழை அச்சிட்டுக் கொடுத்த அச்சகம்: இரண்டு இதழ்களின் அனுபவம்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவர் பத்திரிகைக் குழுவின் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகள் கையெழுத்துப் பத்திரிகையாகச் சார்ட் அட்டைகளில் ஒட்டி நூலக வாசலில் தொங்கவிட்டு வந்ததைக் கடந்த கல்வியாண்டில்தான் அச்சுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு இதழ்களையும் அச்சிட்டுக் கொடுத்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம். குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துப் பிழைக்கும் இத்தகைய அச்சகம் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு என்பதால், பள்ளி இதழ் கொண்டுவர நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு இக்குறிப்பு பயன்படக்கூடும்.

முதலில் விலை. கிரவுன் 1/4 அளவில் (ஏழரைக்குப் பத்து அங்குலம்) உள்ளே 32 பக்கங்கள், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள மேப்லித்தோ என்னும் வெள்ளைத் தாள், ஒரே நிறம், மல்டி கலர் ராப்பர் (மேலட்டை), நடுவில் பின், 500 பிரதிகள் என்ற கணக்கில் மொத்தம் 15,500 ரூபாய் ஆனது. பள்ளிக் கல்வித் துறை 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு வெளியிடும் 'தேன்சிட்டு' இதழைப் பார்த்துப் பழகிய எங்கள் பிள்ளைகள் எல்லாப் பக்கங்களும் வண்ணத்தில் வர வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அச்சக உரிமையாளர் அவர்களை உட்காரவைத்து, 20க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் ஒன்றை எடுத்து மடித்துக் காட்டினார். எட்டு இலைகள், பதினாறு பக்கங்கள், அதுதான் ஒரு ஃபாரம். ஒரு நிறமானால் ஒரு ஃபாரத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு பிளேட் (அச்சுத் தகடு) போதும், வண்ணமானால் நான்கு மைகளுக்கும் சேர்த்து எட்டு வேண்டும், ஐம்பது பிரதி அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றே என்று அவர் விளக்கியதும் அடம் அடங்கியது. பக்கங்களை ஏன் 32க்கு மேல் 33 ஆக்க முடியாது என்பதும் அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது. அதன் பிறகு கட்டுரைகளை வெட்டுவதற்கு நான் வாய் திறக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பள்ளியின் அறிவியல், கணித மன்றமான வானவில் மன்றத்தின் சோதனை விளக்கத்துக்கு இரண்டு பக்கமா, இளையோர் செஞ்சிலுவைச் சங்க முகாமுக்கு ஒரு பக்கமா என்று அவர்களே சண்டையிட்டு முடிவு செய்தார்கள்.

இந்த அச்சகத்தின் பெரிய நிறை, புரூஃப், அதாவது பிழை திருத்துவதற்கான மாதிரிப் படி, பார்க்கக் கொடுக்கும் நேரம். பெரும்பாலான இடங்களில் ஒரு பிடிஎஃப் கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, "பார்த்து ஓகே சொல்லுங்க சார்" என்று மாலைக்குள் பதில் கேட்பார்கள். இங்கே இரண்டு முறை தாளில் எடுத்துக் கொடுத்தார்கள், இரண்டு முறையும் மூன்று நாள் அவகாசம் தந்தார்கள். இது எவ்வளவு முக்கியம் என்பது யூனிகோடில் தட்டச்சு செய்த கட்டுரைகளைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகத்தோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இவர்களும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளைத்தான் இன்னும் நம்பியிருக்கிறார்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்ததும், கட்டுரையின் நடுவே ஆங்கில எழுத்தில் இருந்த இடங்களெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக உருமாறிவிட்டன. 'கௌரவம்' பல இடங்களில் 'கெளரவம்' ஆகியிருந்தது. அந்த 'ள' ஔகாரக் குறியின் பகுதியா, தனி எழுத்தா என்பதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் புரூஃபில் மட்டும் நாற்பத்தேழு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டாள். டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்யும் தம்பி முகம் சுளிக்காமல் அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் அமரவைத்து, ஒவ்வொன்றாகத் திருத்திக் காட்டினார். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று, அதற்கு அவர்கள் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

அதே தம்பியிடமிருந்துதான் பெரிய குறையும் வந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் இரண்டு வாரம் இடைவேளைதோறும் குழாயடியில் நின்று குறிப்பெடுத்து, 'மதியத்துக்கு மேல் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை' என்ற தலைப்பில் ஒரு செய்தி எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர் அதைப் படித்து, தயங்கி, பின்னர் சம்மதம் தந்திருந்தார். அவரது விளக்கமும் அதே பக்கத்தில் இடம்பெற்றிருந்தது. இரண்டாம் புரூஃபில் அந்தத் தலைப்பு 'நீரின்றி அமையாது உலகு' என்று மாறியிருந்தது, ஓரத்தில் ஒரு நீர்த்துளிப் படம் வேறு. பையன்கள் கேட்டபோது, "தலைப்பு ரொம்ப மொட்டையா இருந்துச்சு தம்பி, அதான் அழகா வச்சேன்" என்றார். "அண்ணா, தண்ணி வரலங்கறதுதான் செய்தி" என்று அவர்களில் ஒருவன் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. தலைப்பு திரும்ப மாற்றப்பட்டது. ஆனால் அச்சாகி வந்த இதழில் 19ஆம் பக்கத்தின் கீழே கால் பக்கத்துக்கு ஒரு பொன்மொழியும் ரோஜாப்பூவும் இருந்தன. கடைசி நேரத்தில் ஒரு கட்டுரை சுருங்கியதால் கிடைத்த இடத்தை எங்களைக் கேட்காமலே நிரப்பிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பள்ளி மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும், இடம் மிஞ்சினால் பொன்மொழியும் என்றுதான் அவர்கள் இத்தனை ஆண்டுகளாக அச்சிட்டு வந்திருக்கிறார்கள். மாணவர் எழுதும் செய்தி இதழ் என்பது அந்த வார்ப்புக்குள் அடங்காத சரக்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் விட்டது என் தவறும்தான்.

காலதாமதம் இன்னொரு குறை. முதல் இதழை ஆசிரியர் தினத்தன்று வெளியிடத் திட்டமிட்டிருந்தோம். செப்டம்பர் 5 ஆவணி மாதத்தில் வருகிறது, ஆவணி முகூர்த்த மாதம். மேசைகளின் மீது மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் மலைபோல் குவிந்திருக்க, எங்கள் ஃபாரங்கள் இயந்திரம் ஏறவே இல்லை. போதாததற்கு, ராப்பரை மட்டும் அவர்கள் சிவகாசிக்கு அனுப்பி அடித்து வாங்குகிறார்கள், அதற்கு மூன்று நாள் கூடுதலாகிறது. இதழ் கைக்கு வந்தபோது தேதி 11. பொங்கலுக்கு முன் கொண்டுவந்த இரண்டாம் இதழோ சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பே வந்துவிட்டது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அச்சின் தரத்தில் எழுத்துகள் தெளிவு, மை ஒரே சீர், கட்டிங் நேர். படங்கள்தாம் முதல் இதழில் கரிக்கட்டையாக வந்தன. அதில் பாதிப் பழி எங்களுடையது, ஏனெனில் கலைத் திருவிழாப் படங்களை வாட்ஸப்பில் சாதாரணப் படமாகவே அனுப்பியிருந்தோம். டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் படம் சுருங்காது என்று அவர்கள் சொன்னபடி இரண்டாம் முறை செய்ததில் முகங்கள் அடையாளம் தெரிந்தன. பின் அடித்ததில் இருபது, முப்பது பிரதிகளில் ராப்பர் சற்று விலகியிருந்தது, எடுத்துக்கொண்டு போனதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு சின்னச் செய்தி. பின்னட்டையின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் ஏன் இருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் இதழிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான் (2024இல்தான் அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது), எழுதினவனைப் பிடிக்க முடியாவிட்டால் அச்சடித்தவனையாவது பிடிக்கலாமே என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்ன விளக்கம் என் வகுப்பறைப் பாடத்தைவிட நன்றாக இருந்தது.

அடுத்த இதழையும் இங்கேதான் கொடுக்கவிருக்கிறோம். இந்த முறை ஆர்டர் சீட்டிலேயே இரண்டு வரிகளை மாணவ ஆசிரியர்கள் தங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டார்கள்: தலைப்பைக் கேட்காமல் மாற்றக் கூடாது, இடம் மிஞ்சினால் வெறுமையாக விட வேண்டும்.