சினைப் பரிசோதனை செய்யாமல் 'பருவ ஊசி' போட விடாதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பைக்கில் கேன் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வரும் ஒருவரால் எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு வயிற்றிலிருந்த நாலு மாசக் கன்றை வீசிவிட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தது. பருவத்துக்கு வந்த மாட்டைப் போலப் பசு விடாமல் கத்தியது, கொஞ்சம் வழும்பும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த அந்த ஆள் தானாகவே எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தார். சினை ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையை அம்மா எடுத்துக் காட்டினார். "அதெல்லாம் சினை நிக்கலம்மா, கத்துறதப் பாத்தாலே தெரியுதே" என்றார். சினை இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்கவே இல்லை. ஒரு ஊசி, எண்ணூறு ரூபாய். மூணு நாளில் நல்ல பருவத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன கெடுவுக்குள் கன்றுதான் விழுந்தது. நஞ்சுக்கொடியும் விழாமல் நின்றுகொண்டது. போன் செய்தால், வெயில் சூட்டில் விழுந்ததாம்! அப்புறம் போனையே எடுக்கவில்லை.

வைக்கோல் போரடியில் அவர் வீசிப்போன காலி பாட்டிலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். குளோப்ரோஸ்டினால். புரோஸ்டாகிளாண்டின் வகை ஹார்மோன் மருந்து.

மருத்துவர் விளக்கியது இது. கருமுட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்றொரு திரள் உருவாகும். அதில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் கருப்பையை அமைதியாக வைத்துக் கன்றைக் காக்கிறது. சினை பிடிக்காத மாட்டில், கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தத் திரளைக் கரைத்துவிடும். அதனால்தான் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை மாடு பருவத்துக்கு வருகிறது. கரு தங்கினால் அது அனுப்பும் சமிக்ஞை இந்தக் கரைப்பைத் தடுத்துவிடும். அதே புரோஸ்டாகிளாண்டினை ஊசி வழியாக வெளியிலிருந்து ஏற்றினால் எந்தத் தடுப்பும் நிற்காது; திரள் கரைந்து கன்று விழுந்துவிடும். சினை மாடுகளில் சில, பருவத்துக்கு வந்தது போலவே கத்துவதும் உண்டாம். அட்டையைப் பார்த்த பிறகாவது அந்த ஆள் கை விட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

மருந்தைக் குறை சொல்லவில்லை. ஈன்ற பிறகு கருப்பையில் சீழ் கட்டிய மாட்டுக்கும், பருவம் வெளியே தெரியாத மாட்டுக்கும் மருத்துவர்கள் இதைத்தான் போடுகிறார்கள், சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

இன்னொன்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மாசமாக இருக்கும் என் தம்பி மனைவிதான் அன்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மருந்து தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது. அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

அவசரம் என்றால் 1962-க்கு போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பாட்டிலும் அட்டையும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி கன்றைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.