மூன்று மோட்டாருக்கு ஒரே பொத்தான்: ஒரு ரிலே பெட்டியின் நிறை குறை

மாடல் ராக்கெட்டில் கிளஸ்டர், அதாவது ஒரே ராக்கெட்டில் பல மோட்டாரைச் சேர்த்துப் பற்றவைத்து, விடுகிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். ஒற்றை மோட்டாரே போதும் என்பவர்கள் ஸ்டார்ட்டர் செட்டுடன் வரும், பொத்தானை அழுத்தி ராக்கெட்டை ஏவும் கன்ட்ரோலரையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டி உங்களுக்குத் தண்டச் செலவு.

நான் வாங்கியது, ஒரு மனிதர் தன் வீட்டு கராஜில் செய்து இணையத்தில் விற்கும் ரிலே பெட்டி. சின்ன மின்னோட்டத்தை வைத்துப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுதான் ரிலே. கூடவே நான்கு ஜோடி கிளிப் உள்ள ஒயர் கொத்து. எல்லாம் சேர்த்து 85 டாலர், டெக்ஸாஸுக்குத் தபால் செலவு தனி. தனி ஆள் வியாபாரம், குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். இதே மாதிரி பெட்டிகளை வேறு சிலரும் விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலில், எதற்கு இது? எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து, "அக்கா, பேட்டரியெல்லாம் புதுசுதான் போட்டேன், மூணுல ரெண்டுதான் எரிஞ்சுது" என்றார். நான்கு ஏஏ பேட்டரி போட்ட கையடக்கக் கன்ட்ரோலர். ஒயரை வேறு 30 அடிக்கு நீட்டியிருந்தார். அது சரிதான். மூன்று சி6 மோட்டார் சேர்ந்தால் மொத்த உந்தம், சி-க்கு அடுத்த டி வகுப்பையும் தாண்டிவிடும், அப்போது அமெரிக்க ராக்கெட் சங்கமான என்ஏஆரின் பாதுகாப்பு விதிப்படி 30 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 22 கேஜ் ஒயர் (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெல்லிசு) போக வர 60 அடி என்றால் கிட்டத்தட்ட 1 ஓம். நான்கு ஏஏ பேட்டரிகளின் உள்தடை இன்னொரு முக்கால் ஓம். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் ஒன்று அரை ஓமுக்குச் சற்று மேல், மூன்றைப் பக்க இணைப்பில் (பேரலல்) போட்டால் 0.2 ஓம். ஆக மொத்தம் 2 ஓம், 6 வோல்ட், வருவது 3 ஆம்பியர். ஆளுக்கு ஒன்று! எஸ்டெஸ் கம்பெனியின் இக்னைட்டர் சட்டென்று பற்ற 2 ஆம்பியராவது வேண்டும். எது முதலில் சூடாகிறதோ அது பற்றும், மற்றது யோசித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ராக்கெட் கிளம்பி, கிளிப்பெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கோயில் சப்பரத்தை நாலு பேர் தூக்கும்போது ஒருவர் தோள் கொடுக்காவிட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியுமல்லவா, அதேதான். எஸ்டெஸ் அட்டவணைப்படி ஒரு சி6-5 தூக்கக்கூடிய உச்ச எடை 113 கிராம். என் ராக்கெட் 270 கிராம். மூன்றும் எரிந்தால் கணக்குக்குள் இருக்கிறது, இரண்டு மட்டும் எரிந்தால் எடையும் மிஞ்சும், உந்துவிசையும் ஒரு பக்கமாக இழுக்கும்.

சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தால் மின்னோட்டம் குறைவாகப் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். முதல் இக்னைட்டர் எரிந்து அறுந்தவுடன் சுற்றே அறுந்துவிடும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். இதில் பேட்டரி உங்கள் கையில் இல்லை, ஏவுமேடைக்குப் பக்கத்திலேயே பெட்டிக்குள் இருக்கிறது. 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நாம்தான் வாங்கிப் போட வேண்டும். உள்ளே காரில் வரும் சாதாரண 30 ஆம்பியர் ரிலே. அதிலிருந்து கிளிப் வரைக்கும் ஒரு மீட்டர் நீளத்துக்கு 14 கேஜ் ஒயர். நம் கையில் இருப்பது ஒரு சாவியும் பொத்தானும்தான். 30 அடி ஒயரில் ஓடுவது ரிலே காயிலுக்கான 0.15 ஆம்பியர் மட்டும். அந்த ஒயர் 1 ஓம் இருந்தாலும் இழப்பு 0.15 வோல்ட், யாருக்குக் கவலை? பவர் எலக்ட்ரானிக்ஸில் குப்பை கொட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பெட்டியைத் திறந்து பார்த்தேன், சாலிடரிங் சுத்தம், ஃபியூஸ் சரியான இடத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பஸ்ஸர். அதிக மின்னோட்டத்தில் ரிலேயின் முனைகள் சில நேரம் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ரிலேயோடு அடுத்த ராக்கெட்டுக்குக் கிளிப் மாட்டினால், குனிந்திருக்கும்போதே மோட்டார் பற்றும். இந்தப் பெட்டியில் வெளியே மின்சாரம் வருகிறது என்றால் பஸ்ஸர் அலறும். கிளிப்பைத் தொடும் முன் காதில் தெரிந்துவிடும். இது இல்லாத ரிலே பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும் எல்இடி சில மில்லியாம்பியரே எடுக்கிறது, அதுவும் நல்லது. க்வெஸ்ட் க்யூ2ஜி2 இக்னைட்டர் இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனால் பலரும் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே பற்றக்கூடியது. பல்பு வைத்த பழைய கன்ட்ரோலரில் சோதனைப் பொத்தானை அழுத்தினாலே எரிந்துவிடும். இதில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் விற்பவர் தன் பக்கத்தில் "கிளஸ்டர் தயாரா என்று எல்இடி சொல்லும்" என்று எழுதியிருக்கிறாரே, அதை நம்பாதீர்கள். பக்க இணைப்பில் மூன்றில் ஒன்று சரியாக இருந்தாலே எல்இடி எரியும். மற்ற இரண்டும் அறுந்து கிடந்தாலும் அதே வெளிச்சம்தான். சாதாரண மல்டிமீட்டரில் 0.2 ஓமுக்கும் 0.3 ஓமுக்கும் வித்தியாசம் பிடிபடாது, மீட்டரின் ஒயரே அவ்வளவு காட்டும். அதனால் ஒவ்வொரு இக்னைட்டரையும் மோட்டாரில் செருகும் முன்பும், செருகிய பின்பும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பெரிய குறை கிளிப் கொத்து. ஸ்பிரிங் தளர்வு, முலாம் மட்டம். கருமருந்துப் புகை படிந்து படிந்து பல்லெல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் உப்புக் காகிதம் போட வேண்டியிருக்கிறது. எட்டு கிளிப்பும் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருக்கம் வேறு. ஏவுமேடையின் இரும்புத் தகட்டில் பட்டாலே ஷார்ட். மின்னஞ்சல் அனுப்பினேன். பணிவான பதில் வந்தது, மாற்றுக் கிளிப் வரவில்லை. கொத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழவழப்பான வாயுள்ள இரண்டே இரண்டு சின்னச் செம்புக் கிளிப் வைத்திருக்கிறேன்.

இரண்டு எப்படிப் போதும்? இக்னைட்டர் நுனி மோட்டாருக்குள் மருந்தைத் தொடும்வரை செருகி, அதைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பிளக்கை அழுத்திவிடுங்கள். தொடாமல் ஒரு மில்லிமீட்டர் நின்றாலும் அது பளிச்சென்று எரிந்து அணையும், மோட்டார் பற்றாது. அப்புறம் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு கால் எடுத்து ஒரு முறுக்கு, மீதி மூன்று கால் இன்னொரு முறுக்கு. இரண்டுக்கும் நடுவில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு. ஒரு முறுக்குக்கு ஒரு கிளிப். முனைகள் 18 மில்லிமீட்டர் குழாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதால் விரலுக்கு இடம் போதாது, சின்னக் குறடு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மோட்டார் என்றால் கால் நீளம் எட்டாது, மெல்லிய செம்புக் கம்பியை வளையமாக வைத்து அதில் சுற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்து சாவியைத் திருகிப் பொத்தானை அழுத்தினால், மூன்று சீறலும் பிரித்துக் கேட்காமல் ஒரே சத்தமாக வருகிறது. புகைக்கோடு நேர். இது கருமருந்து மோட்டாருக்குச் சொல்வது. கருமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற எரிபொருள் உள்ள காம்போசிட் மோட்டார் உள்ளே அழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுக்கொன்று மாறும், எவ்வளவு ஆம்பியர் கொடுத்தாலும் அது வேறு தலைவலி.

பற்றாமல் போனால் என்ன செய்வது என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சாவியை எடுத்துவிட்டு 60 வினாடி காத்திருந்த பிறகுதான் ராக்கெட் அருகே யாரும் போக வேண்டும், இதுவும் என்ஏஆர் விதி. சாவி ஒன்றுதான் என்பதால் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு நடங்கள்.

கிளிப் கொத்து இல்லாமல் பெட்டி மட்டும் கேட்டால் 60 டாலருக்குத் தருகிறார். அப்படியே வாங்குங்கள், கிளிப்பைப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.