ஜுதாதெப் அண்ணன் தம்பிகள்: ஐந்தில் எதை முதலில் பார்க்கலாம்?

தாய்லாந்து தொடர் பார்க்கும் தோழிகள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது: ஜுதாதெப் சகோதரர்களில் யார் கதை உசத்தி? டாக்டர் என்பாள் ஒருத்தி, பைலட் என்பாள் இன்னொருத்தி. பெரும்பாலும் நடிகரின் முகத்தை வைத்துத்தான் வாதம் நடக்கும். நான் ஐந்து பாகத்தையும் முழுசாகப் பார்த்தவள், இரண்டை மறுபடியும் பார்த்தவள். முகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, காதலுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் தரம் பிரிப்பேன். அப்படிப் பார்த்தால் ஐந்தும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 'சுபாப்புருட் ஜுதாதெப்' 2013இல் தாய்லாந்தின் சேனல் 3இல் வந்தது. ஐந்து எழுத்தாளர்கள் ஆளுக்கொன்றாக எழுதிய ஐந்து நாவல்கள், ஐந்து பாகங்கள், பாகத்துக்கு ஒரு மகன். மூன்று தாய்களுக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள். ஜுதாதெப் வீட்டுப் பையன் ஒருவன் தேவப்ரோம் வீட்டுப் பெண்ணைக் கட்டுவான் என்று பெரியவர்கள் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இல்லை. வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு வீட்டிலிருக்கும் இரண்டு பாட்டிகளிடம். எந்தப் பையன் என்று முடிவாகவில்லை என்பதால் ஐந்து பேர் தலையிலும் கத்தி தொங்குகிறது. காலம் ஏறத்தாழ 1950களின் கடைசி.

பெயர்களைக் கேட்டாலே நமக்கு நெருக்கமாக இருக்கும். ஜுதா என்பது சூடாமணியில் வரும் அதே சூடா, தெப் என்பது தேவன். மூத்தவன் தராத்தோன், அதாவது தராதரன், பூமியைத் தாங்குகிறவன். கடைசிப் பையன் ரணபீ, நம் வாயில் ரணவீரன். சுபாப்புருட்டில் புருஷன் இருக்கிறான், 'பண்புள்ள ஆண்கள்' என்று பொருள். அந்தத் தலைப்புக்கும் காரணம் உண்டு. தாய் தொடர்களில் 'அறையும் முத்தமும்' என்றே ஒரு வகை இருக்கிறது. நாயகன் நாயகியை வலுக்கட்டாயமாக முத்தமிடுவான், அவள் அறைவாள், அப்புறம் அது காதலாகிவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிப்போன பார்வையாளர்களுக்கு, அனுமதி கேட்டு நிற்கும் ஐந்து ஆண்களைக் காட்டினார்கள். எனக்கு இந்தத் தொகுப்பின் மேல் பிடிப்பு வந்தது முதலில் அதனால்தான்.

இனி அந்தஸ்து விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் பாதிக் கதை கை நழுவிவிடும். தாய் அரச வம்சத்தில் பட்டம் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு படி இறங்கும். மோம் சாவ் என்பது அரச குடும்பத்தவராக எண்ணப்படும் கடைசிப் படி. மோம் சாவ் ஆணின் பிள்ளை மோம் ராச்சவோங், நம் ராஜவம்சம்தான். அவருக்கு அடுத்த தலைமுறை மோம் லுவாங். அதற்கும் அப்புறம் பட்டமே இல்லை, குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ந அயுத்தயா' என்று போட்டுக்கொள்வதோடு சரி. ஜுதாதெப் சகோதரர்கள் மோம் ராச்சவோங். ஆண்களை 'குன் சாய்' என்று அழைப்பார்கள், ஐந்து பாகங்களின் பெயரும் அப்படித்தான் தொடங்கும். முன்னாள் பிரதமர் குக்ரித் பிரமோஜும் இதே பட்டக்காரர்தான்.

பட்டம் அப்பா வழியில் மட்டும் இறங்கும். ஆகவே ஒரு குன் சாய் சந்தையில் மீன் விற்பவளைக் கட்டினாலும் அவர் பட்டம் போகாது, பிள்ளைகளுக்கும் வரவேண்டியது வந்துவிடும். பெண்ணுக்கு அப்படி இல்லை. மோம் சாவ் பட்டமுள்ள பெண் அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவரைக் கட்டினால் தன் அரச அந்தஸ்தைத் துறந்தாக வேண்டும். அப்படியானால் ஐந்து ஆண்களுக்கும் சட்டப்படி இழக்க ஒன்றுமில்லை. பாட்டியின் முகம் வாடும், வாக்குத் தவறிய பழி வரும், அவ்வளவுதான். ஒரு பாகம் நிற்பதும் விழுவதும், இந்த வெற்றிடத்தை அது எதைப் போட்டு நிரப்புகிறது என்பதில்தான் இருக்கிறது.

நான் முதலிடம் கொடுப்பது மூன்றாவது பாகமான 'குன் சாய் புத்திபட்'டுக்கு. டாக்டர் கதை. ஜேம்ஸ் ஜிராயுவின் முதல் தொடர், ஒரே பாகத்தில் அவரை நட்சத்திரமாக்கிவிட்டது. நாயகி குரோங்கேவ் அழகிப் போட்டியில் பட்டம் வென்றவள், பெல்லா ரானி நடித்திருக்கிறார். அவளை இன்னொரு மனைவியாக வைத்துக்கொள்ள ராணுவ அதிகாரம் கையிலுள்ள ஒரு பெரிய மனிதர் ஆசைப்படுகிறார். ஓடி வந்தவளுக்கு டாக்டர் அடைக்கலம் தருகிறான். 1932இல் மன்னரின் முழு ஆட்சி முடிந்த பிறகு தாய்லாந்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கைதான் மேலே. 1957இல் ஆட்சியைப் பிடித்த ஃபீல்டு மார்ஷல் சரித் தனரத் 1963இல் இறந்ததும், அவர் சேர்த்த சொத்தும் வைத்திருந்த பெண்களும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. அந்தக் காலத்தை அறிந்த ஒரு தாய் பாட்டி இந்தப் பாகத்தைப் பார்த்தால், வில்லனைக் கற்பனை என்று நினைத்திருக்க மாட்டார்.

இந்தப் பாகம் ஜெயிப்பது இங்கேதான். குன் சாய் என்ற பட்டம் அந்த மனிதர் முன்னால் செல்லாக்காசு. வீட்டுக்குள் மரியாதை, வாசலில் ராணுவ ஜீப். ராஜவம்சத்துக் கதைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பட்டம் எதற்கெல்லாம் உதவாது என்பதை இவ்வளவு நேராகக் காட்டியது இது ஒன்றுதான். குரோங்கேவ் கொடுக்க வேண்டிய விலை அவள் உடம்பு, அவள் வாழ்க்கை. அதற்குப் பக்கத்தில் வாக்குறுதி, பாட்டி கோபம், தேவப்ரோம் வீட்டு மாரதியின் பொறாமை எல்லாமே தானாகச் சின்னதாகிவிடுகின்றன. மாரதியை வெறும் வில்லியாக எழுதியதுதான் எனக்கு இதில் வருத்தம். உன்னைத்தான் கட்டுவான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, அவன் வேறொருத்தியைப் பார்த்ததும் அவளைக் கெட்டவளாக்குவது அநியாயம். அவளுக்கென்று ஒரு பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவது இடம் 'குன் சாய் பவோன்ருட்'. தூதரக அதிகாரி, சுவிட்சர்லாந்து. மலையும் ஏரியும் பனியுமாகக் கண்ணுக்கு விருந்து, அதனால் பலர் இதைச் சுற்றுலாப் பாகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் நாயகி யார் என்று பாருங்கள். தன் அந்தஸ்தை மறைத்து ரசா என்ற பெயரில் பழகுகிற மோம் சாவ் இளவரசி. ஐந்து பாகத்திலும் நாயகனைவிட ஒரு படி மேலே நிற்கிறவள் என்றால் எனக்கு இவள்தான் முதலில் நினைவுக்கு வருவாள். இந்தக் காதலில் அவன் ஒன்றையும் இழக்க மாட்டான், அவள் பிறப்பால் வந்த எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அவள் பெயரை மறைத்துச் சிரித்துப் பேசும் காட்சிகள் முதல்முறை பார்த்தபோது எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தன. இரண்டாம் முறை, அந்தக் கணக்கு தெரிந்து பார்க்கும்போது, அவள் ஒவ்வொரு சிரிப்பும் கொஞ்சம் தொண்டையை அடைத்தது. புத்திபட்டில் இருக்கும் படபடப்பு இதில் கிடையாது, மெதுவாகத்தான் போகும். பொறுமை இருக்கிறவர்களுக்கு இதுவே முதலிடமாகவும் ஆகலாம், சண்டைக்கு வர மாட்டேன்.

மூன்றாவது, கடைசிப் பாகமான 'குன் சாய் ரணபீ'. ஜேம்ஸ் மா, விமானப் படை. கதையில் நாயகி ஒரு நடிகை. நாலு அண்ணன்களும் தப்பித்துவிட்டதால் வாக்குறுதி மொத்தமும் கடைக்குட்டி தலையில் விழுகிறது என்பது இதற்குக் கிடைத்த பலம். வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும். குறும்புப் பையன் ஒருவன் பொறுப்பைக் கண்டு திகைத்து நிற்கும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அதற்குள் நாம் நாலு முறை இதே பாட்டிகள் இதே நாற்காலியில் உட்கார்ந்து மனம் மாறுவதைப் பார்த்தாகிவிட்டது. ஐந்தாம் முறை பதற்றம் வரவில்லை.

'தராத்தோன்' தொல்லியல் ஆய்வாளர் கதை. முதல் பாகம் என்பதால் எல்லாரையும் அறிமுகப்படுத்தும் வேலை அதன் தலையில், காதலுக்கு மிச்ச இடம்தான். 'ரட்சானோன்' பொறியாளர் கதை. வியங் பூகாம் என்ற கற்பனை நாட்டு இளவரசி சொய்ஃபாவுடன் காடு மலை என்று சுற்றும் சாகசம். கற்பனை நாட்டில் விதிகளும் கற்பனைதானே, எழுதியவர் நினைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். எனக்கு ஒட்டவில்லை. விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகளோடு பார்க்க அது தோதாக இருக்கும்.

பாகம் பாகமாகத் தொடர் எடுப்பதில் சேனல் 3க்கு இது முதல் முயற்சி இல்லை. 2010இல், சேனலின் 40ஆம் ஆண்டையொட்டி, ஒரு பண்ணைக் குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை வைத்து நாலு பாகங்கள் எடுத்தார்கள். நடிகர் நடேச், நடிகை யாயா ஜோடி பிரபலமானது அதிலிருந்த 'துவாங்ஜாய் அக்கனி'யில். கலகலப்புக்கு அது மேல். ஆனால் பாகங்களைக் கட்டிப்போடும் கயிறு அதில் தளர்வு. ஜுதாதெப்பில் அந்த ஒரு வாக்குறுதியே கயிறு. 2024இல் வந்த 'துவாங்ஜாய் தேவப்ரோம்' அந்தக் கயிற்றை அடுத்த தலைமுறை வரை நீட்டுகிறது. மறுபடியும் ஐந்து பாகங்கள், இந்த முறை 'லஓ சான்', 'க்வான் ருதாய்' என்று பெயர்கள் எல்லாம் பெண்களுடையவை. 2013இல் வில்லிகளாகவும் வாக்குறுதிப் பொருளாகவும் இருந்த வீட்டின் பெயரைத் தலைப்பில் ஏற்றியதற்கே ஒரு வணக்கம். ஆனால் பழைய ஐந்தும் தெரியாமல் இதில் நுழைந்தால் உறவுமுறை புரிவதற்குள் பாதி போய்விடும், அந்தப் பழைய இறுக்கமும் எனக்கு இதில் கிடைக்கவில்லை.

ஜுதாதெப்புக்கு உண்மையான போட்டி என்று நான் நினைப்பது வேறு ஒன்று: அதே 2024இல் வந்த 'பின் பாக்'. இங்கே காதலர்கள் இரண்டு பெண்கள், இளவரசி அனினும் அவளோடு சேர்ந்து வளர்ந்த பின்னும். ஃப்ரீனும் பெக்கியும் நடித்தது. காலமும் கிட்டத்தட்ட அதே 1950கள். ஜுதாதெப் வீட்டில் கடைசியில் பாட்டி மனம் இறங்கினால் கல்யாணம். இங்கே யார் மனம் இறங்கினாலும் கல்யாணம் என்ற கதவே இல்லை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான், செப்டம்பர் 24 அன்று, தாய்லாந்தின் திருமணச் சமத்துவச் சட்டம் அரசிதழில் வெளியானது. 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கும் வந்தது. அந்த வாரங்களில் அதைப் பார்த்த தாய்லாந்துப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

எதைப் பார்த்தாலும் திரையின் கீழே ஓடும் வசனவரியை (சப்டைட்டில்) மட்டும் நம்பிவிடாதீர்கள், காதையும் திறந்து வையுங்கள். நாம் நீ, நீங்கள் என்று இரண்டு மூன்று படியில் முடித்துக்கொள்வதை அவர்கள் எத்தனையோ படிகளாக வைத்திருக்கிறார்கள். அரச குடும்பத்தவரிடம் பேசும் பெண் வாக்கிய முடிவில் 'பெக்கா' என்பாள். அடுத்த படியில் இருக்கும் குன் சாயிடம் அது வராது, சாதாரண 'கா' போதும். சாப்பிடுவதற்குக்கூட அங்கே வேறு சொல், 'சவோய்'. வசனவரியில் இதெல்லாம் 'சரி', 'சாப்பிட்டீர்களா' என்று தட்டையாகிவிடும். உடம்பையும் கவனியுங்கள். பெரியவர்கள் முன்னால் தரையில் உட்காரும் பெண் இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்து, கைகளை மடியில் அடக்கி, தலை அவர்கள் தலைக்குமேல் போகாதபடி கொஞ்சம் சாய்ந்திருப்பாள். 'பப்பியப்' என்று அதற்குப் பெயர். காட்சி நீண்டால் உட்காரும் பக்கத்தை மாற்றிக்கொள்வார்கள், கால் மரத்துப்போகும் அல்லவா? அந்தச் சின்ன அசைவைக் கூட யார் கவனிக்கிறார்கள், யார் கவனிக்காமல் பேசிக்கொண்டே போகிறார்கள் என்று பார்த்தாலே அந்த வீட்டில் யார் யாரை மனிதராக எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆக, என் வரிசை இது. 'தராத்தோன்' முதல் இரண்டு எபிசோடு மட்டும், குடும்பத்தைத் தெரிந்துகொள்ள. அப்புறம் நேராக 'புத்திபட்'. அது பிடித்தால் 'பவோன்ருட்', கடைசியாக 'ரணபீ'. நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டு 'பின் பாக்' தொடங்குங்கள். குழந்தையிலிருந்து கூடவே வளர்ந்தவளிடம், அறையில் வேறு யாரும் இல்லாத நேரத்திலும், பின்னின் வாயில் அந்த 'பெக்கா' வரும் இடங்களைத் தவறவிடாதீர்கள்.