மழையும் எலியும் உப்புக்காற்றும் பார்த்த லேன் கேபிள்: டெல்டா வீடுகளில் எது நிற்கிறது?

கடையில் லேன் கேபிள் கேட்டால் "கேட் 5ஈயா, கேட் 6ஆ?" என்று கேபிளின் வேகத் தரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் வருஷக்கணக்கில் ஓடிப் பழுதான கேபிள்களைக் கழற்றிப் பார்த்தால் அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம்தான். கேட் 5ஈ ஒழுங்காக இழுத்திருந்தால் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) வேகம் தந்துவிடும். புதிதாக இழுப்பவர்கள் கேட் 6 வாங்கலாம், தப்பில்லை. 55 மீட்டருக்குள் 10 ஜிபிபிஎஸ்ஸும் போகும். வீட்டுக்கு "கேட் 8" என்று அச்சடித்த தட்டைக் கேபிள் வாங்குவது காசுக்குக் கேடு.

பார்க்க வேண்டியது செம்பு. மலிவாகக் கிடைப்பதில் பல அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை; சிசிஏ என்பார்கள். ஒரு கம்பியின் உறையை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியத்தில் மின்தடை கூடுதல். அதனால் பிஓஇ கேமராவுக்கு (லேன் கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கும் கேமரா) 60, 70 மீட்டர் இழுத்தால் பகலில் நன்றாக ஓடும். ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா கூடுதல் கரண்ட் கேட்கும், வோல்டேஜ் இறங்கி அணைந்து அணைந்து வரும். கேமராவை மாற்றிப் பயனில்லை. வளைத்து நிமிர்த்தினால் பிளக் ஓரத்தில் முறிவதும் இந்தக் கம்பிதான்.

அடுத்தது மேலுறை. வீட்டுக்குள் ஓடும் சாம்பல் நிற பிவிசி உறையை மொட்டைமாடியில் போட்டால் வெயிலில் இறுகி வெடிக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பில் இறங்கி, கேபிளுக்குள்ளேயே வழிந்து நெட்வொர்க் சுவிட்ச் வரை வரும். வெளியே ஓடுவதற்கு வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலீன் உறைதான். சுவருக்குள் நுழையும் இடத்தில் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டு வீட்டு மச்சிலோ நெல் மூட்டை அடுக்கிய அறையிலோ பைப் இல்லாமல் கேபிளை விட்டால் எலிக்குத்தான் விருந்து.

நாகை, வேதாரண்யம் கரையோரம் சங்கதி வேறு. கேபிள் நன்றாக இருக்கும், பிளக்கின் உலோகப் பல்லில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். முலாம் மெல்லியதான மலிவு பிளக் அங்கே வேண்டாம். வெளிப்புற இணைப்பு மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

இனி முனையில் பிளக் அடிப்பது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு: இதுதான் டி568பி வரிசை. பச்சை ஜோடி 3, 6ஆம் இடங்களில் பிரிந்து நிற்பது பலருக்கு உறுத்தும். ஜோடி ஜோடியாக அடுக்கி இரண்டு முனையிலும் அப்படியே அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும்! ஆனால் 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படாத வேறு வேறு ஜோடிகளில் போவதால் குறுக்கிரைச்சல், அதாவது ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலப்பது, ஏறும். ஐந்து மீட்டரில் தெரியாது, முப்பது மீட்டரில் வேகம் தள்ளாடும். இன்னொன்று: ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 போதும். வேகம் திடீரென்று 95ஐ ஒட்டி நின்றுவிட்டால் இணைய நிறுவனத்துக்குப் போன் போடுமுன் நீலம், பழுப்பு ஜோடிகளைப் பாருங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவும் கூடாது. கேட் 6 கம்பி தடிமன். கேட் 5ஈ பிளக்கில் திணித்தால் உள்ளே முழுக்கப் போகாமல் நிற்கும்.

வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கோ எதிர்க் கட்டடத்துக்கோ செம்பு இழுக்கவே வேண்டாம். இரண்டு இடத்திலும் எர்த் வேறு. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கத்து நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டும் சேர்ந்து போகும். அங்கே ஃபைபரும் (ஒளி போகும் கண்ணாடி இழைக் கேபிள்), அந்த ஒளியை லேன் சிக்னலாக மாற்ற முனைக்கொன்றாக இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். ஃபைபரிலும் இரும்புக்கம்பி தாங்கல் இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்; அந்தக் கம்பி வழியாகவும் இடி வரும்.