சிபிஏபி சர்டிஃபிகேட், 100% வேலை என்று 84,000 ரூபாய் வாங்கினார்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில், ஏசி போட்ட இரண்டு அறையில் நடக்கிற பிசினஸ் அனலிஸ்ட் பயிற்சி மையத்தைப் பற்றிய பதிவு இது. சிபிஏபி என்பது அந்த வேலைக்கான ஒரு சர்வதேச சர்டிஃபிகேட். பெயர் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் கடை திறக்க எத்தனை நாள் ஆகும்? பேசுகிற பேச்சு மட்டும் மாறாது. அதைத்தான் நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பி.காம். ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் நாலு வருஷமாக டேலியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 17,000. பெரியப்பா மகன் பெங்களூரில் பிசினஸ் அனலிஸ்ட். அந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கூச்சம். கூகுளில் தேடினேன், மறுநாள் காலையிலேயே போன் வந்துவிட்டது.

"சார், நாலே மாசம். சிபிஏபி சர்டிஃபிகேட்டோட வெளிய வருவீங்க. பிளேஸ்மென்ட் 100% கேரண்டி. ஆரம்பமே ஆறு லட்சம் பேக்கேஜ்."

டெமோவுக்குப் போனேன். வரவேற்பறைச் சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் போட்டோ. கட்டணம் 84,000. யோசிக்கிறேன் என்றதும், "வட்டியே இல்லாத தவணை சார், மாசம் 7,000 தான், இன்னைக்கு மட்டும் இந்த ஆஃபர்" என்று என் போனை வாங்கி அவர்களே எதையோ தட்டினார்கள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, இரண்டு ஓடிபி. அட்மிஷன் பதிவு என்றுதான் நினைத்தேன். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வருகிறது: உங்கள் கடன் வழங்கப்பட்டது. கடன் கொடுத்தது நான் பெயரே கேள்விப்படாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. பணம் மையத்துக்குப் போயாயிற்று, கடன் என் தலையில்.

அந்த ராத்திரியே நான் முழித்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் கொடுப்பவர் வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். ‘கூலிங் ஆஃப்’ என்று ஒரு அவகாசமும் உண்டு. அதற்குள் அசலையும் அதுவரை ஆன வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். அந்தத் தாள் என் மெயிலிலேயே கிடந்தது. நான் திறந்து பார்த்தது நாலாவது மாதம்.

சரி, வகுப்பைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை. முதல் மூன்று வாரம் எக்செல். அப்புறம் பவர் பிஐ என்கிற சார்ட் போடும் சாஃப்ட்வேர். ஏதோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டின் விற்பனைக் கணக்கை வைத்துக்கொண்டு கலர் கலராக சார்ட் போட்டோம். நாலு மாதத்தில் மூன்று வாத்தியார் மாறினார்கள். மூன்றாமவர் ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டுப் போவார். ரெக்வயர்மென்ட், அதாவது என்ன தேவை என்று எழுதித் தருவது, எப்போது வரும் சார் என்று கேட்டேன். "அதெல்லாம் வேலையில சேர்ந்தா தானா வந்துரும்" என்றார். அந்த வேலையே அதுதான் என்று அப்போது எனக்கும் தெரியாது.

பிசினஸ் அனலிஸ்ட் வேறு, பிசினஸ் அனலிட்டிக்ஸ் வேறு. எண்களை அலசி சார்ட் போட்டுக் காட்டுவது இரண்டாவது. அது மட்டமில்லை, நல்ல வேலைதான். ஆனால் முதலாவது ஆளின் வேலை, ஒரு இடத்தில் காரியம் எப்படி நடக்கிறது, எங்கே இடிக்கிறது, என்ன மாற வேண்டும் என்று ஆட்களிடம் கேட்டு, சாஃப்ட்வேர் செய்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவது. மையம் விற்றது ஒன்று, நடத்தியது இன்னொன்று.

பெரிய புளுகு அந்த சிபிஏபி. அதைக் கொடுப்பது ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு. அவர்களுடைய தளத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் எனக்கு 84,000 மிஞ்சியிருக்கும். சிபிஏபி தேர்வு எழுதவே கடந்த 10 வருஷத்தில் 7,500 மணி நேரம் பிசினஸ் அனலிசிஸ் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அதையே பார்த்தாலும் 900 நாளுக்கு மேல் ஆகிறது. அதற்குக் கீழே உள்ள சிசிபிஏ-வுக்கு 3,750 மணி நேரம். இந்த வரிசையில் அனுபவம் கேட்காதது இசிபிஏ, புதியவர்களுக்கு அதுதான் வாசல். எங்களுக்குக் கொடுத்த சர்டிஃபிகேட்டில் சிபிஏபி என்று கொட்டை எழுத்து, அதன் கீழே எறும்பு சைஸில் ‘அலைன்ட் டிரெய்னிங்’. அதாவது அந்தப் பாடத்தை ஒட்டிய பயிற்சியாம்.

பிளேஸ்மென்ட்? விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போனேன். ‘பிசினஸ் அசோசியேட்’ இன்டர்வியூ. இன்சூரன்ஸ் விற்கிற வேலை. திரும்பி வந்து சண்டை போட்டால், "ஃப்ரெஷர்னா அப்படித்தான் சார். இன்னொரு 25,000 கட்டுங்க, ரெண்டு வருஷ அனுபவம் லெட்டர் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்கிறார்கள். இதில் மட்டும் யாரும் விழுந்துவிடாதீர்கள். பிஎஃப் யூஏஎன் எண்ணை வைத்தே நீங்கள் எங்கே, எப்போது வேலை பார்த்தீர்கள் என்று கம்பெனிகள் சரிபார்க்கின்றன. மாட்டினால் வேலை போவதோடு முடியாது.

தவணையை நிறுத்தி விடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் அடிபடுவது என் சிபில் ஸ்கோர்தான், மையத்துக்கு ஒரு கீறலும் விழாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். மூன்று வாரம் இழுத்து, மையம் 20,000 திருப்பிக் கொடுத்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டிய பணத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, நாம் இருக்கிற ஊரிலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கடன் கொடுத்த கம்பெனி மேல் புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண் இருக்கிறது.

பொங்கலுக்கு அந்தப் பெங்களூர் அண்ணன், பெரியப்பா மகன், வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "கிழங்கு லாரி உங்க மில்லுக்குள்ள வர்றதுல இருந்து விவசாயிக்குப் பணம் போற வரைக்கும் சொல்லு" என்றார். எடை போடுவார்கள், பாயின்ட் பார்ப்பார்கள், விலை போடுவோம் என்று மூன்று வரியில் முடித்தேன். வெளியூர்க்காரர்களுக்கு: மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் இங்கே விலை.

"பாயின்ட்டை யார் எழுதுறாங்க?"

"பாயின்ட் பார்க்கிறவர், துண்டுச் சீட்டுல."

"நீ எதைப் பார்த்து டேலியில போடுற?"

"அந்தச் சீட்டைத்தாங்கண்ணா."

"சீட்டு தொலைஞ்சா?"

"போன் பண்ணிக் கேட்பேன். அவர் ஞாபகத்துல இருந்து சொல்வார்."

அண்ணன் சிரித்துவிட்டார். "விவசாயி வந்து சத்தம் போடுறது அந்த இடத்துலதானே? அங்கதான்டா உன் ரெக்வயர்மென்ட் இருக்கு."

காலண்டர் தாளைத் திருப்பி, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகக் கோடு போட வைத்தார். இப்போது எப்படி நடக்கிறது என்று ஒரு படம், எப்படி நடக்க வேண்டும் என்று இன்னொன்று. பாயின்ட்டும் எடையும் ஒரே பதிவில் ஏறாமல் பில் போடக் கூடாது என்று ஒரு வரி எழுதச் சொன்னார். அது சரியாக நடக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்றும் கீழே எழுதச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. நாலு மாத வகுப்பில் கிடைக்காதது. எஸ்கியூஎல் (டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கிற மொழி) மட்டும் தனியாகப் படி, அதில் இரண்டு பட்டியலை இணைக்கிற ஜாயின் எழுதத் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதே என்றார். அதை இப்போது யூடியூபில் ஓசியில்தான் படிக்கிறேன்.

நாலு வருஷக் கிழங்குக் கணக்கு வெறும் கிளார்க் வேலை, பயோடேட்டாவில் போடவே வெட்கம் என்று இருந்தவன் நான். இப்போது ஆலையில் புது சாஃப்ட்வேர் போடுகிறார்கள். அந்த கம்பெனிக்காரர்கள் வந்தால் மேனேஜர் என்னைத்தான் உட்காரச் சொல்கிறார். சம்பளம் ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஐந்து தவணை பாக்கி. புகாருக்கு ஆதாரம் தேடியபோதுதான் ஒன்று தெரிந்தது. ‘கேரண்டி’ என்ற வார்த்தை வந்ததெல்லாம் போனில். வாட்ஸ்அப்பிலும் ரசீதிலும் ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ மட்டும்தான். சேரப் போகிறவர்கள், போனில் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். போன வாரம் என் நண்பனின் தங்கை அப்படிக் கேட்டாளாம். அதற்கப்புறம் அவளுக்கு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை.